பள்ளி பூட்டியிருந்த காலத்துப் படிப்பு: அரசுப் பள்ளி, தனியார் பள்ளி பற்றி இராமநாதபுரம் கரையோரப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

பாம்பன் பக்கம் ரீசார்ஜ், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் சேர்த்துச் செய்யும் சின்னக் கடை என்னுடையது. கொரோனா நாளில் அரசுப் பள்ளிப் பெற்றோரும் வந்தார்கள், தனியார் பள்ளிப் பெற்றோரும் வந்தார்கள். ஒருவர் 'நெட் தீர்ந்துபோச்சு' என்று வருவார், இன்னொருவர் 'இந்த ஜூமை எப்படி இறக்குறது' என்று வருவார். 2020இல் ஒன்றாம் வகுப்புக்குப் பேர் கொடுத்த பிள்ளைகள் 2025 ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற பேச்சு வந்தாலே பழைய கணக்கெல்லாம் கிளம்பிவிடுகிறது. ஒரே சந்தேகத்துக்கு நாற்பது தடவை பதில் சொல்லி வாய் வலித்ததால் எழுதியே வைத்துவிட்டேன்.

"பள்ளிக்கூடம் மொத்தம் எத்தனை நாள்தான் பூட்டிக் கிடந்துச்சு? தேதியே மறந்துபோச்சுண்ணே."

2020 மார்ச் நடுவில் மூடினார்கள். 2021 ஜனவரி 19 அன்று பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளும், பிப்ரவரி 8 அன்று ஒன்பதும் பதினொன்றும் திறந்தன. இரண்டாம் அலை வந்ததும் மார்ச் 22 முதல் ஒன்பது, பத்து, பதினொன்றுக்கு மறுபடி பூட்டு. 2021 செப்டம்பர் 1 அன்று ஒன்பது முதல் பன்னிரண்டு வரையும், நவம்பர் 1 அன்று ஒன்று முதல் எட்டு வரையும் திறந்தார்கள். 2022 ஜனவரியில் இன்னொரு தடவை மூடி பிப்ரவரி 1 அன்று திறந்தது.

சின்னப் பிள்ளைகளுக்கு இடைவெளி பத்தொன்பது மாதத்துக்கும் மேல். ஒன்றாம் வகுப்பில் பேர் மட்டும் பதிந்த பிள்ளை, முதல் முதலாக வகுப்பறைப் பெஞ்சில் உட்கார்ந்தபோது இரண்டாம் வகுப்பு. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்ற பதில்களைப் படியுங்கள்.

"அரசுப் பள்ளியில ஆன்லைன் கிளாஸே எடுக்கலங்குறாங்களே, நெசமா?"

பாதி நிஜம். ஆசிரியர் முகம் தெரிகிற நேரடி வகுப்பு, அதுவும் தொடக்கப் பள்ளியில், பெரும்பாலும் நடக்கவில்லை. ஆனால் ஒன்றுமே இல்லை என்பதும் தப்பு. 2019 ஆகஸ்ட் 26 அன்றே தொடங்கியிருந்த கல்வி தொலைக்காட்சி இருந்தது. வகுப்பு வாரியாக அதில் பாடம் ஓடியது, யூடியூபிலும் ஏற்றினார்கள். பாடப் புத்தகத்தில் உள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் தீக்‌ஷா என்ற பாடச் செயலியில் காணொளி வரும். பிளஸ் டூ பிள்ளைகளின் விலையில்லா மடிக்கணினியில் பாடக் காணொளிகளை ஏற்றிக் கொடுத்தார்கள். அப்புறம் வாட்ஸ்அப் குரூப்.

இதெல்லாம் சென்னையிலிருந்து எல்லாருக்கும் ஒரே மாதிரி வந்த ஏற்பாடு. பிள்ளை பார்த்தாளா, புரிந்ததா என்று கேட்கிற வேலை அந்தந்த ஆசிரியரின் மனசைப் பொறுத்து நடந்தது. எங்கள் பக்கம் ஒரு டீச்சர் வாரம் இரண்டு நாள் ஸ்கூட்டியில் வந்து, வலை பின்னும் கொட்டகையில் எட்டுப் பத்துப் பிள்ளைகளைத் தள்ளித் தள்ளி உட்கார வைத்துப் பாடம் பார்ப்பார். அடுத்த தெருப் பிள்ளைகளின் ஆசிரியர் குரூப்பில் காலை வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டார். இரண்டு பேரும் அரசுப் பள்ளிதான்.

"அப்போ தனியார் பள்ளியில மட்டும் எப்படி தினமும் நடத்துனாங்க?"

நடத்தாமல் இருக்க முடியாது என்பதுதான் காரணம். வகுப்பு நடந்தால்தான் கட்டணம் கேட்க முடியும். சென்னை உயர் நீதிமன்றம் 2020 ஜூலையில், முதல் தவணையாக 40 சதவீதக் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம் என்று தனியார் பள்ளிகளுக்கு அனுமதி கொடுத்தது. அந்த உத்தரவு வந்த வாரமே பல பள்ளிகளின் கால அட்டவணை வாட்ஸ்அப்பில் வந்து இறங்கியதைக் கடையில் இருந்தபடி பார்த்தேன். அங்கே பாடம் எடுத்த டீச்சர்களில் எத்தனையோ பேருக்குப் பாதிச் சம்பளம்தான். சொந்த போனில், சொந்த டேட்டாவில் எடுத்தார்கள். அவர்களும் என்னிடம்தான் ரீசார்ஜ் செய்தார்கள், சில மாதம் கடனுக்கு.

எல்லாத் தனியார் பள்ளியும் ஒரே தரம் என்று எண்ண வேண்டாம். இராமநாதபுரம் டவுனில் உள்ள பெரிய பள்ளிகள் காசு கட்டி மென்பொருள் வாங்கின. நம் கரையோரத்துச் சின்ன நர்சரிப் பள்ளிகள் இலவச ஜூமில் நாற்பது நிமிடம் எடுக்கும், இணைப்பு தானாக அறுந்துவிடும், மறுபடி லிங்க் வரும். அந்த லிங்க்கைத் தேடுவதற்குள் பத்து நிமிடம் போய்விடும்.

"எங்க ஒன்னாப்புப் புள்ளைய காலையில இருந்து மதியம் வரைக்கும் போன் முன்னாடி உக்கார வச்சாங்க. அப்படி வைக்கலாமா?"

வைத்திருக்கக் கூடாது. மத்திய அரசு 2020 ஜூலையில் பிரக்யதா என்ற பெயரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. மழலையர் வகுப்புக்கு நாளைக்கு 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், ஒன்று முதல் எட்டு வரை 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு வகுப்புகள், ஒன்பதுக்கு மேல் நான்கு என்று அதில் இருக்கிறது. அது வழிகாட்டுதல்தான், யாரும் வந்து மணி பார்க்கவில்லை. 'கொடுத்த காசுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கக் கூடாதா' என்று கேட்ட பெற்றோரையும் எனக்குத் தெரியும்.

"வீட்டுல டச் போன் இருந்துச்சுல்ல, அப்புறம் ஏன் புள்ளைங்க கிளாஸ் பாக்கல?"

வெளியூர் அதிகாரிகள் கேட்கிற கேள்வி இது. நம் ஆட்கள் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் பதில் அவர்கள் சட்டைப் பையில் இருக்கிறது. வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். இராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று முறை வைத்துத்தான் போகும். டோக்கன் வாங்கிக் காலையில் போனால் மறுநாள் காலைதான் கரை. நாட்டுப்படகுக்கு மற்ற நாட்கள். ஆக, பள்ளி நடக்கிற நாளில் பாதி நாள் போன் கடலில். கடல்பாசி எடுக்கப் போகும் அம்மாக்களும் விடியும் முன்னே கிளம்பிவிடுவார்கள். சின்னப்பாலம் பக்கம் அப்படி எத்தனை வீடு!

ஒரு பிள்ளையைச் சொல்கிறேன், அப்போது ஐந்தாம் வகுப்பு. அப்பா கரைக்கு வந்ததும் ஓடிப்போய் போனை வாங்கிக்கொண்டு என் கடை வாசல் திண்ணையில் உட்காருவாள், இங்கேதான் டவர் நன்றாக எடுக்கும் என்று. ரப்பர் பேண்டு போட்டுச் சுற்றிய பாலித்தீன் பையில்தான் போன் இருக்கும். அதைப் பிரித்தால் மீன் செதில் இரண்டு ஒட்டியிருக்கும். திரையில் குறுக்கே ஒரு கீறல். குரூப்பில் வந்த கணக்கு போட்டோவில் அந்தக் கீறல் சரியாக எண் மேல் விழுந்ததால் மூன்றா எட்டா என்று தெரியாமல் என்னிடம் கேட்பாள். போட்டோவை நகர்த்திக் காட்டினால் எட்டு. இரண்டு நாள் வீட்டுப்பாடத்தை ஒரே மூச்சில் எழுதி, நோட்டைப் படம் எடுத்து அனுப்புவாள். படத்தில் பாதி அவள் கட்டைவிரல் இருக்கும். அதற்குள் அப்பா கூப்பிட்டுவிடுவார், வியாபாரியிடம் பேச போன் வேண்டும்.

இதே கணக்கு கீழக்கரையில் வேறு மாதிரி. அப்பா துபாயிலோ சவுதியிலோ இருக்கும் வீடுகளில் நல்ல போன் உண்டு, அது வீட்டிலேயே இருக்கும். அங்கே பிரச்சினை மூன்று பிள்ளைக்கு ஒரே நேரத்தில் மூன்று வகுப்பு. பெரியவனுக்குப் பொதுத்தேர்வு என்று போன் அவனிடம் போகும். கடைசிப் பெண் பிள்ளை பாடம் கேட்டதாகவே இருக்காது.

"நெட்டுக்கு எவ்வளவுதான் செலவாச்சு? ஒன்றரை ஜிபி பேக் போதாதா?"

வாட்ஸ்அப்பில் போட்டோவும் குரல் பதிவும் வருவதற்குத் தாராளமாகப் போதும், அதனால் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் பிரச்சினை இல்லை. நேரடிக் காணொளி என்றால் மணிக்கு அரை ஜிபிக்கு மேல் இழுக்கும். மூன்று மணி நேரம் நடந்தால் மதியத்தோடு தீர்ந்தது. மதியம் ஒரு மணிக்கு என் கடையில் டேட்டா மட்டும் ஏற்ற வருகிறவர்களைப் பார்த்தாலே யார் பிள்ளை எந்தப் பள்ளி என்று சொல்லிவிடலாம். கட்டணத்தோடு சேராத இன்னொரு கட்டணம் அது.

"தனுஷ்கோடி பக்கம் சிலோன் டவர்தான் எடுக்குதாமே?"

சில நேரம் அப்படித்தான். இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று குறுஞ்செய்தி வந்து சுற்றுலா வருகிறவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அங்கே குடியிருப்பவர்களுக்கு அது சிரிப்பு இல்லை. 1964 டிசம்பர் புயலில் போன ஊர், அப்போது குடிசைகளில் சோலார் விளக்கில்தான் வாழ்க்கை. டவர் இருந்தாலும் சார்ஜ் இருக்க வேண்டுமே. அந்தப் பிள்ளைகளுக்கு அரசு, தனியார் என்ற வித்தியாசமே எழவில்லை, பள்ளி திறந்தால்தான் படிப்பு.

"கல்வி டிவி இலவசம்தானே, அதை ஒழுங்கா பாத்திருந்தா போதாதா?"

அரசு கேபிளில் 200ஆம் சேனல், தனியாகக் காசு இல்லை. பாடங்களும் நன்றாகவே எடுத்திருந்தார்கள், அறிவியல் சோதனைகளை நானே நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்று, டிவியிடம் கேள்வி கேட்க முடியாது. இரண்டு, ஏழாம் வகுப்புக்கு ஓடும்போது நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு வேலை இல்லை. குறித்த நேரத்தில் கரண்ட் போனால் போனதுதான். யூடியூபில் பார்க்கலாமே என்றால் மேலே சொன்ன போன் கதைக்குத் திரும்பி வந்துவிடுவோம்.

எட்டாம் வகுப்புக்கு மேல் ஓரளவு பயன்பட்டது என்பேன். எழுத்துக் கூட்டவே தெரியாத பிள்ளைக்கு டிவி ஒரு வேடிக்கை, அவ்வளவுதான்.

"அரசாங்கம் தினம் 2 ஜிபி சிம் கார்டு கொடுத்துச்சே, எங்க புள்ளைக்கு ஏன் வரல?"

அது கல்லூரி மாணவர்களுக்கு. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, நாளைக்கு 2 ஜிபி. பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தத் திட்டம் கிடையாது. இதைக் கேட்டு என்னிடம் சண்டை போட்டவர்கள் உண்டு, நான் சிம்மை ஒளித்து வைத்தது போல.

"மத்தியானச் சோறு என்ன ஆச்சு?"

அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரிசி, பருப்பு, முட்டை என்று உலர் பொருளாகக் கொடுத்தார்கள். தனியார் பள்ளியில் சத்துணவே கிடையாது, அதனால் அங்கே ஒன்றும் இல்லை. ஒன்று கவனித்தேன்: அரிசி வாங்க வரும் நாளில்தான் பல ஆசிரியர்கள் பிள்ளைகளை நேரில் பார்த்தார்கள். கெட்டிக்கார ஆசிரியர்கள் அன்றைக்கே பயிற்சித் தாளைக் கொடுத்து, அடுத்த முறை வரும்போது திருப்பி வாங்கினார்கள். எங்கள் பக்கம் நடந்த ஏற்பாடுகளில் எனக்குப் பிடித்தது இதுதான்.

"அப்போ தனியார் பள்ளிப் புள்ளைங்க நல்லாப் படிச்சிருச்சு, நம்ம புள்ளைங்க கெட்டுப்போச்சு. அதானே?"

அவ்வளவு நேராக இல்லை. 2020இல் இந்தியா முழுக்கக் கிராமப்புற வீடுகளில் போன் மூலம் அசர் என்ற, பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய கணக்கெடுப்பை நடத்தினார்கள். கேட்டதற்கு முந்தைய வாரத்தில் பள்ளியிலிருந்து ஏதாவது பாடப் பொருள் வந்ததா என்பது கேள்வி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் 33.5 சதவீதம், தனியாரில் 40.6 சதவீதம் பேருக்குத்தான் வந்திருந்தது. அதாவது தனியாரிலும் பாதிக்கு மேல் வெறும் கைதான். டவுன் பள்ளிகளைப் பார்த்து நாமாக ஒரு படத்தை வரைந்துகொண்டோம்.

அப்புறம் 2022 அசர் அறிக்கை. தமிழ்நாட்டுக் கிராமங்களில், அரசு, தனியார் இரண்டும் சேர்த்து, இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 4.8 சதவீதம். 2018இலேயே 10.2 தான். சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் அடி விழுந்தது. என் கண்ணுக்குப் பட்ட வித்தியாசம் வேறு: தனியார் பள்ளிப் பிள்ளைக்கு 'எட்டு மணிக்கு எழுந்து உட்கார வேண்டும்' என்ற பழக்கம் விட்டுப்போகவில்லை. நம் பையன்கள் சிலர், எட்டாம் வகுப்பு ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்கள், ஐஸ் கம்பெனிக்கும் படகுக்கும் கூலிக்குப் போனார்கள். கையில் காசு பார்த்தவனைத் திரும்பப் பெஞ்சில் உட்கார வைக்க ஆசிரியர்கள் வீடு வீடாக அலைந்தார்கள்.

"எங்க புள்ள சாமியார் நடத்துற பள்ளி. அது அரசா, தனியாரா?"

அரசு உதவி பெறும் பள்ளியாக இருந்தால் இரண்டுக்கும் நடுவில். நம் கரையில் கிறிஸ்தவ, முஸ்லிம் நிர்வாகங்கள் நடத்தும் இத்தகைய பள்ளிகள் பழையவை. ஆசிரியர் சம்பளம் அரசு கொடுக்கும், புத்தகம், சத்துணவு உண்டு, அப்போது மடிக்கணினியும் உண்டு, நியமனம் நிர்வாகத்தின் கையில். பூட்டிய காலத்தில் பெரும்பாலும் அரசுப் பள்ளி போலவே நடந்தது. ஆனால் சலுகை என்று வரும்போது 'உதவி பெறும்' என்ற இரண்டு சொல் பெரிய வித்தியாசம் செய்யும். இன்னும் இரண்டு கேள்வி தள்ளி அது வருகிறது.

"ஃபீஸ் பாக்கி இருக்குன்னு டிசி தர மாட்டேங்குறாங்க. அரசுப் பள்ளியில சேத்துக்குவாங்களா?"

எட்டாம் வகுப்பு வரை கல்வி உரிமைச் சட்டம் 2009, ஐந்தாம் பிரிவு உங்களுக்குத் துணை. மாற்றுச் சான்றிதழ் வர தாமதம் என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. தலைமை ஆசிரியர் தயங்கினால் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள், எழுத்தில் கேளுங்கள்.

பாக்கி எவ்வளவு என்பதையும் ஒரு தடவை கணக்குப் பாருங்கள். 2021-22க்கு உயர் நீதிமன்றம் சொன்னது: வருமானம் பாதிக்கப்படாதவர்கள் 85 சதவீதம், பாதிக்கப்பட்டவர்கள் 75 சதவீதம் கட்டினால் போதும். ஒரு பள்ளி முழுக் கட்டணத்தையும் பாக்கி என்று எழுதிக் கொடுத்த சீட்டை நானே ஜெராக்ஸ் எடுத்திருக்கிறேன். வேன் ஓடாத வருஷத்துக்கு வேன் கட்டணமும் அதில் இருந்தது.

"இப்ப ஆறாப்புக்கு அரசுப் பள்ளிக்கு மாத்துறதா, எட்டு முடிச்சிட்டு மாத்துறதா?"

ஆறிலேயே மாற்றுங்கள் என்பேன், காரணம் படிப்பு மட்டும் இல்லை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஒரே விதிவிலக்கு, கல்வி உரிமைச் சட்ட இடத்தில் (ஏழைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளியில் ஒதுக்கும் இலவச இடம்) தனியாரில் எட்டு வரை படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்கள். உதவி பெறும் பள்ளிக்கு இது கிடையாது. 'சாமியார் பள்ளி' கேள்விக்குப் பாதி பதில் இதுதான்.

பெண் பிள்ளை உயர்கல்விக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் ஆறு முதல் பன்னிரண்டு என்பதே கணக்கு. 2022இல் அரசுப் பள்ளிக்கு மட்டும் தொடங்கி, 2024இல் உதவி பெறும் பள்ளித் தமிழ்வழி மாணவிகளுக்கும் நீட்டினார்கள். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், அதுவும் 2024. கொரோனாவில் கட்டணம் கட்ட முடியாமல் ஏழாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள், ஒரு வருஷ வித்தியாசத்தில் வெளியே நிற்கிறார்கள். இது சரியில்லை என்பது என் கருத்து. என் கருத்துக்கு விண்ணப்பத்தில் கட்டம் எதுவும் இல்லை.

"இல்லம் தேடிக் கல்வியில எங்க மெட்ரிக் பள்ளிப் புள்ள ஏன் உக்கார முடியல?"

2021 அக்டோபர் 27 அன்று தொடங்கிய அந்தத் திட்டம் ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. சாயங்காலம் ஐந்து முதல் ஏழு வரை வகுப்பு, எடுக்கும் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். எங்கள் தெருவில் பி.எஸ்ஸி முடித்த தங்கச்சி ஒருத்தி எடுத்தாள். வாசலில் எட்டிப் பார்த்த மெட்ரிக் பிள்ளையை அவள் விரட்டவில்லை, பதிவேட்டில் மட்டும் எழுதவில்லை.

"2021ல பத்தாவது பாஸ். சர்ட்டிபிகேட்ல மார்க்கே இல்ல. வேலைக்குக் கேக்குறாங்களே?"

அந்த ஆண்டு தேர்வே நடக்கவில்லை, அரசு, தனியார் எல்லாருக்கும் மதிப்பெண் இல்லாமல் தேர்ச்சி என்றுதான் சான்றிதழ். உங்கள் பிள்ளைக்கு மட்டும் விட்டுப்போனது அல்ல. 2020 பத்தாம் வகுப்புக்கு மதிப்பெண் உண்டு, காலாண்டு அரையாண்டிலிருந்து 80, வருகைப் பதிவிலிருந்து 20. 2021 பிளஸ் டூவுக்குப் பத்தாம் வகுப்பிலிருந்து 50, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை, அக மதிப்பீட்டிலிருந்து 30 என்று சேர்த்தார்கள்.

"மழைக்கு லீவு விட்டா தனியார் பள்ளியில மறுபடி ஆன்லைன் வைக்கிறாங்களே, நம்ம பள்ளியில வைக்க மாட்டாங்களா?"

2024 நவம்பர் 20 அன்று இராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அன்றைக்கு யார் என்ன வகுப்பு வைத்தாலும் கேட்க ஆள் இல்லை. கரண்ட் இல்லை, முழங்கால் தண்ணீர். 2020 டிசம்பர் புரெவிப் புயலிலும் அதே நிலைதான். ஆட்சியர் விடும் மழை விடுமுறையை அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் ஒரு சனிக்கிழமையில் ஈடுகட்டும். தனியாரில் வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் வரும். சனிக்கிழமை வகுப்பே மேல் என்பேன், போன் தேட வேண்டாம்.

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் படகும் போகாது, அப்பாவும் போனும் வீட்டில். ஆன்லைன் வகுப்புக்குத் தோதான ஒரே நாள் அது, ஆனால் அன்றைக்குத்தான் டவர் இருக்காது.

"அந்தப் பழைய வாட்ஸ்அப் குரூப்ல இருந்து வெளிய வந்துடலாமாண்ணே?"

உங்கள் இஷ்டம். '5ஆம் வகுப்பு ஆ பிரிவு 2020' என்ற ஒன்று இன்னும் என் போனில் இருக்கிறது, யாரோ உதவிக்கு என்று சேர்த்தது. ஆசிரியர் மாறுதலாகிப் போய்விட்டார். இப்போது அதில் கோயில் கொடை வசூல், தொலைந்த ஏடிஎம் கார்டு, நேற்று நண்டு என்ன விலைக்குப் போனது எல்லாம் வருகிறது. மேலே தள்ளிக்கொண்டே போனால் கட்டைவிரல் பாதி மறைத்த ஒரு கணக்கு நோட்டு போட்டோ இருக்கும். அதன் கீழே டீச்சர் போட்ட பச்சை டிக், மணி இரவு 10.47.